அரை நாள் கரை

பெரியமடுவில் கடல் இல்லை. மன்னார் மாவட்டம் என்றதும் கடலையும் கருவாட்டையும் மட்டுமே நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். மாந்தை மேற்குப் பிரிவில், மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் ஏ-32 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பி உள்ளே போனால் வருவது எங்கள் ஊர். குளம் உண்டு, வயல் உண்டு, காடு உண்டு. சோளகக் காற்று பலமாக வீசும் நாள்களில் உப்பு வாடை வருவதாகச் சின்னம்மா சொல்வார். எனக்கு அது ஒருநாளும் மணத்ததில்லை.

அந்தச் சின்னம்மாவின் முற்றத்தில் அமர்ந்திருந்தபோதுதான் 2023ஆம் ஆண்டு நடுப்பகுதியில் சென்னையிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் அங்கே ஒரு நாளிதழில் நெடுங்காலம் துணை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர். என்னிலும் பத்து வயது மூத்தவர்.

"தம்பி, கப்பல்ல வர்றேன். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு போட்டிருக்கான். காங்கேசன்துறையில அரை நாள் நிக்குமாம். கோவில், மியூசியமெல்லாம் வேணாம். ஒரே ஒரு பீச்சு காட்டுங்க. காலை நனைச்சுட்டு வந்துடறேன்."

வாருங்கள் அண்ணா என்றேன். பேசி முடித்ததும் சின்னம்மா கேட்டார்.

"ஆரடா தம்பி?"

"சென்னையில இருந்து ஒரு சினேகிதர். கப்பல்ல வாறாராம்."

"எத்தினை நாள் நிப்பார்?"

"அரை நாள்."

"அரை நாளோ? அப்ப ஏன் வாறார்?"

இந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. இப்போதும் முழுமையான விடை இருக்கிறதென்று சொல்லமாட்டேன். ஆனால் அதை யோசித்துக்கொண்டே இருந்ததில் சில விடயங்கள் தெளிவாயின. அவற்றை எழுதிவைக்கலாம் என்று தோன்றிற்று.

முதலில் கப்பலைப் பற்றி. பத்திரிகைக்காரனுக்கு ஒரு பெயர் கிடைத்தால் அதன் பூர்வீகத்தைத் தேடாமல் உறக்கம் வராது. நண்பர் வந்த கப்பலின் பெயர் 'எம்பிரஸ்'. இந்தியாவின் கொர்டேலியா நிறுவனம் நடத்துவது. 2021 அக்டோபரில் மும்பையில் போதைப்பொருள் சோதனையொன்றின் காரணமாக இந்தியத் தொலைக்காட்சிகள் நாள்கணக்கில் காட்டிய அதே கப்பல்தான். 2023 ஜூன் 5ஆம் திகதி சென்னையிலிருந்து இலங்கைக்கான முதற் பயணத்தைத் தொடங்கி, ஜூன் 16ஆம் திகதி காங்கேசன்துறைக்கு முதன்முறையாக வந்தது. பயணிகளுக்கென அங்கு கட்டப்பட்ட முனையமும் அன்றே திறந்துவைக்கப்பட்டது. வடக்குக்கு உல்லாசக் கப்பல் வந்துவிட்டது என்று நம்மவர் பத்திரிகைகள் மகிழ்ந்தன. மகிழ்ந்ததில் பிழை இல்லை.

ஆனால் இந்தக் கப்பல் புதியதன்று. 1990ஆம் ஆண்டு பிரான்சின் சென் நசேர் கட்டுதுறையில் கட்டப்பட்டு 'நோர்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் ரோயல் கரீபியன் நிறுவனத்துக்காக மயாமியிலிருந்து ஓடத் தொடங்கியது. அமெரிக்கர்களை மூன்று நாள், நான்கு நாள் என்று பகாமாத் தீவுகளுக்குக் கொண்டுசென்று, அரை நாள் கடலில் குளிக்கவிட்டுத் திருப்பி ஏற்றிவருவதே அதன் வேலை. இடையில் பெயரும் கைகளும் மாறின. 2017இல் கியூபாவின் ஹவானாவுக்குப் போனது. 2019இல் அமெரிக்கா அந்தப் பயணங்களைத் தடைசெய்ததும் நின்றது. 2020 இறுதியில் விற்கப்பட்டு இந்தியாவுக்கு வந்தது. தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கரீபியன் கடலில் கழித்த ஒரு கப்பல், முதிய வயதில் பாக்கு நீரிணைப் பக்கம் வந்து, தனக்குத் தெரிந்த அதே தொழிலைச் செய்தது.

1990 என்ற ஆண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கப்பல் தன் முதலாவது பயணிகளைக் கடற்கரைக்கு இறக்கிய அதே ஆண்டில், ஜூன் நடுப்பகுதியில், காங்கேசன்துறையும் மயிலிட்டியும் பலாலியும் அடங்கிய வலிகாமம் வடக்கின் மக்கள் தங்கள் கடற்கரையை விட்டு வெளியேறினார்கள். போர் மீண்டும் மூண்டிருந்தது. சில நாள்களில் திரும்பிவிடலாம் என்று அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டு ஓடியவர்களைப் பின்னாளில் நான் செய்தியாளனாகச் சந்தித்திருக்கிறேன். சில நாள்கள் என்பது இருபது வருடங்களாயின. பலருக்கு அதற்கும் மேல். அந்நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. கரை முழுவதும் முள்வேலி.

நண்பரின் கதைக்கு வருகிறேன். குறித்த நாளில் விடிகாலையில் பெரியமடுவிலிருந்து புறப்பட்டேன். விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் என்று பயணம். 2011இல் அந்தப் பாலம் திறக்கப்பட்டிராவிட்டால் மாங்குளம் சுற்றித்தான் போயிருக்க வேண்டும். பஸ் மாறி மாறி நான் காங்கேசன்துறையை அடைவதற்குள் கப்பல் வந்து நண்பர் கரையேறியிருந்தார். மற்றவர்கள் குழுவாகப் பேருந்துகளில் ஏறி நல்லூர், யாழ்ப்பாணம் பொது நூலகம் என்று புறப்பட்டிருந்தார்கள். இவர் மட்டும் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக வாசலில் நின்றார்.

"சரியா நாலு மணி நேரம் இருக்கு தம்பி," என்றார். கப்பல்காரர் கொடுத்த அட்டையில் திரும்பவேண்டிய நேரம் பெரிய எழுத்தில் இருந்தது. அதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டார். அரை நாள் உல்லாசத்தின் முதற் குணம் இதுதான். வந்தவர் கடலைப் பார்ப்பதைவிடக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்ப்பார்.

ஓட்டோ ஒன்றைப் பிடித்தோம். ஓட்டுநர் முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர். "எந்தக் கரைக்கு, அண்ணை?" என்று கேட்டார். கேள்வி சாதாரணமானதுபோல் தோன்றும். ஆனால் காங்கேசன்துறையில் அது சாதாரணமான கேள்வியன்று. கடற்கரையின் அழகான துண்டொன்றில் படையினர் நடத்தும் 'தல்செவன' விடுமுறை விடுதி இருக்கிறது. அங்கே அறை எடுக்கலாம், கடலைப் பார்த்துக்கொண்டு உணவருந்தலாம். கீரிமலைப் பக்கம் போனால் போர் முடிந்த பின் ஜனாதிபதிக்கென்று எழுப்பப்பட்ட மாளிகை, மக்களின் காணியில் நிற்கிறது. மயிலிட்டிப் பக்கம் போனால் 2017 ஜூலையில் திருப்பிக் கொடுக்கப்பட்ட துறைமுகம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு வரலாறு, ஒவ்வொரு வாசல்.

"மயிலிட்டிக்குப் போவம்," என்றேன்.

வழியில் கூரையில்லாத வீடுகள். சுவரைப் பிளந்துகொண்டு வளர்ந்த ஆலும் அரசும். சில வளவுகளில் புதிய சீமெந்துக் கற்கள் அடுக்கப்பட்டிருந்தன. சொந்தக்காரர் திரும்பி வந்துவிட்டார் என்பதற்கு அதுதான் அடையாளம். நண்பர் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "தொண்ணூறுல இந்தச் செய்தியை நான்தான் எடிட் பண்ணேன். சிங்கிள் காலம். தலைப்புல 'வலிகாமம் வடக்கு' அடங்கலைன்னு 'யாழ்ப்பாணத்தில்'னு மாத்தினேன்."

எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்கு அந்த வருத்தம் புரியும். எழுத்துகளை எண்ணித் தலைப்பு வைத்த காலம். ஓர் ஊரின் பெயர் நீளமாக இருந்தால் அது விழுந்துவிடும்.

மயிலிட்டியில் கடல் அன்று கண்ணாடிபோல் கிடந்தது. நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். ஓட்டோத் தம்பி வண்டியின் நிழலில் நின்றபடி என்னோடு பேச்சுக் கொடுத்தார். தகப்பனுடைய ஊர் இதுதான், ஆனால் தான் பிறந்தது மல்லாகத்து முகாமில் என்றார்.

"அப்ப இந்தக் கடலை முதல் முதல் எப்ப கண்டனீர்?"

"இருபத்திநாலு வயசில. ரெண்டாயிரத்துப் பதினேழில துறைமுகத்தை விட்டாப்பிறகு. அம்மா எங்களுக்கு ஒவ்வொரு நாளும் சொல்லுவா, எங்கட கடல், எங்கட கடல் எண்டு. முகாமில இருந்து ஆறேழு கிலோமீற்றர்தான். வந்து பாக்கேலாது."

பிறகு அவரே கேட்டார்: "உவர் எங்கையிருந்து வாறார், அண்ணை?"

"சென்னை."

"கப்பலால இறங்கி இஞ்ச வர எவ்வளவு நேரம் எடுத்தது?"

முனைய வாசலிலிருந்து கணக்கிட்டால் அரை மணிக்கும் குறைவு. சொன்னேன். அவர் சிரித்தார். கசப்போ கோபமோ இல்லாத சிரிப்பு. ஒரு கணக்கு எப்படியும் சரிவராது என்று கண்டவன் சிரிக்கும் சிரிப்பு. "அய்யா வந்திருந்தா ஆளோடை கதைச்சுக்கொண்டிருந்திருப்பார். அவர் ரெண்டாயிரத்துப் பதினாலில மோசம் போட்டார்," என்றார். துறைமுகம் விடுவிக்கப்படுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு.

நான் சொல்ல வந்தது இதைத்தான். அரை நாள் உல்லாசப் பயணம் பாவமல்ல. என் நண்பர் பாவியுமல்லர். ஆனால் ஒரு கரையை உல்லாசக் கப்பலுக்குத் திறக்கும் வேகத்தையும், அதே கரையை அதன் சொந்தக்காரருக்குத் திறக்கும் வேகத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். முனையம் சில மாதங்களில் எழுந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு அமைச்சர் வந்தார். வலிகாமம் வடக்கிலோ ஏக்கர் ஏக்கராக, துண்டு துண்டாக, தேர்தலுக்கும் வெளிநாட்டு விருந்தினரின் வருகைக்கும் ஏற்பவே காணிகள் விடுவிக்கப்பட்டு வந்திருக்கின்றன. இன்னும் ஒரு பகுதி விடுவிக்கப்படவில்லை. விருந்தாளியை வரவேற்கும் வீட்டில் வீட்டுக்காரன் படலைக்கு வெளியே நிற்பது என்ன முறை?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. இந்தக் கப்பல் கற்ற தொழிலின் தாயகமான கரீபியனில் இது நெடுங்காலமாக உண்டு. நோர்டிக் எம்பிரஸ் அக்காலத்தில் தரித்து நின்ற இடங்களில் ஒன்று கொக்கோகே. அந்த நிறுவனமே தன் பயணிகளுக்கென்று வைத்திருக்கும் சிறு தீவு. அங்கே உள்ளூரவர் குடியிருப்பு என்று ஒன்று இல்லை. கடலும் மணலும் குடையும் குளிர்பானமும் மட்டும். இன்னும் வெளிப்படையான உதாரணம் ஹெயிட்டியின் வட கரையில் உள்ள லபடீ. எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து ரோயல் கரீபியன் அதைக் குத்தகைக்கு வைத்திருக்கிறது. சுற்றிவர வேலி, வாசலில் காவல். ஒரு காலத்தில் விளம்பரத் தாள்களில் ஹெயிட்டி என்ற பெயரே வராமல், 'ஹிஸ்பானியோலா' என்று பழைய தீவுப் பெயரைப் போட்டே அதை விற்றார்கள். வந்து குளித்துவிட்டுப் போனவர்களில் பலர் தாம் எந்த நாட்டில் குளித்தோம் என்று அறியாமலே போயிருப்பார்கள்.

2010 ஜனவரி 12ஆம் திகதி ஹெயிட்டியைப் பூகம்பம் பிளந்தது. மூன்று நாள் கழித்து உல்லாசக் கப்பல் ஒன்று லபடீக்கு வந்து பயணிகளை இறக்கிற்று. தலைநகரில் பிணங்கள் எடுக்கப்படாமல் கிடக்கும்போது வேலிக்குள் விருந்தா என்று உலகமே கேட்டது. கப்பல் நிவாரணப் பொருள் கொண்டுவருகிறது, வேலை செய்யும் ஹெயிட்டியருக்குக் கூலி கிடைக்கிறது, வராமல் விட்டால் யாருக்கு நன்மை என்று நிறுவனம் பதில் சொன்னது. அந்தப் பதிலை நான் முற்றாகத் தள்ளமாட்டேன். வறியவனின் ஒரு நாள் கூலியைத் தூரத்தில் இருந்துகொண்டு ஒழுக்கத்தின் பெயரால் நிறுத்துவது எளிது. ஆனால் வேலி ஏன் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

காசுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். நண்பர் அன்று மயிலிட்டியில் செலவழித்தது எவ்வளவு? ஓட்டோக் கூலி, இரண்டு இளநீர். கூலியை நான் கொடுக்க முயன்றும் அவர் விடவில்லை. அவ்வளவுதான். மதியச் சாப்பாடு கப்பலில். அதற்கு ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று. பிற்பகல் தேநீரும் கப்பலில். அறையும் கப்பலில். உல்லாசக் கப்பல் என்பது மிதக்கும் விடுதி; தன் விருந்தாளி வெளியே செலவழிக்காமல் இருப்பதில்தான் அதன் இலாபம் இருக்கிறது. கரையில் காட்டும் இடங்களைக்கூடக் கப்பலிலேயே சீட்டு விற்று, தனக்குத் தெரிந்த பேருந்துக்காரரிடம் ஒப்படைப்பதே உலக வழமை. ஆயிரம் பேர் இறங்கினார்கள் என்ற செய்தியைப் பார்த்து ஊர்க்கடைக்காரர் கோழி வாங்கி வைத்தால், அன்றிரவு அவர் வீட்டார்தான் அதைச் சாப்பிடவேண்டும்.

இதற்கு எதிர்ப்புறத்தில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறைப் படகுச் சேவையை வையுங்கள். 2023 அக்டோபர் 14ஆம் திகதி 'செரியபாணி'யோடு தொடங்கி, சில நாள்களிலேயே பருவக்காற்றால் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற வேறு கப்பலோடு மீண்டும் ஓடியது. நான்கு மணி நேரப் பயணம். விருந்து மண்டபம் இல்லை, நீச்சல் தடாகம் இல்லை. ஆனால் அதில் வருபவர் இங்கே படுத்து எழும்ப வேண்டியவர். உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்குவார். காலையில் இடியப்பம் வாங்குவார். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வந்தால் நான்கு நாள் நிற்பார். அந்தச் சேவை தடைப்பட்டபோதெல்லாம் யாழ்ப்பாணத்துச் சிறு வியாபாரிகள் முகம் வாடியதைக் கண்டிருக்கிறேன். உல்லாசக் கப்பல் வராத வாரத்தில் அப்படி எவரும் வாடி நான் காணவில்லை.

எங்கள் மன்னாருக்கு இந்த வேறுபாடு புதிதன்று. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. இந்தப் பக்கம் ரயில், அந்தப் பக்கம் ரயில், நடுவில் கப்பல். 'போட் மெயில்' என்று சொன்னால் என் தகப்பனார் தலைமுறையினர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னரும் இராமேஸ்வரத்திலிருந்து ஓடி, எண்பதுகளில் போரோடு நின்றுபோனது. அதில் வந்தவர்கள் பிழைப்புக்கு வந்தார்கள், கல்விக்குப் போனார்கள், யாத்திரை போனார்கள், கலியாணம் பேசப் போனார்கள். தோட்டங்களுக்கென்று கொண்டுவரப்பட்ட தொழிலாளர் மண்டபம் முகாமில் அடைபட்டுச் சோதனை முடித்து வந்தார்கள். அந்தக் கதை தனிக் கண்ணீர். எவரும் தலைமன்னாரில் அரை நாள் குளிப்பதற்காக வந்ததில்லை.

அரை நாள் கடற்கரை என்றதும் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்கமுடியாது.

1990இல் எங்கள் குடும்பத்தின் ஒரு பகுதி இந்தியாவுக்கு ஓடியது. சின்னம்மா அப்போது இளம்பெண். இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை. மன்னார்க் கரையிலிருந்து இரவில் படகேறினார்கள். விடிவதற்கு முன் ஓட்டி ஒரு மணற்றிட்டில் அனைவரையும் இறக்கி, "இதுதான் இந்தியா, அங்கால நடந்தா ஊர் வரும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டான். விடிந்த பின்தான் தெரிந்தது, நான்கு பக்கமும் கடல். ஆதாம் பாலத்துத் திட்டுகளில் ஒன்று. மரம் இல்லை, தண்ணீர் இல்லை. சேலையை நான்கு தடியில் கட்டிப் பிள்ளைகளுக்கு நிழல் செய்தார்களாம். இராமேஸ்வரத்து மீனவர்கள் கண்டு ஏற்றும்போது வெயில் சாய்ந்துவிட்டது. "நானும் அரை நாள் கடற்கரையில இருந்தனான்தான்," என்று அவர் இதைச் சொல்வது வழக்கம். கேட்பவர் சிரிக்கவேண்டும் என்று எதிர்பார்த்துச் சொல்வார்.

அது பழைய கதை என்று எண்ணவேண்டாம். 2022 மார்ச் 22ஆம் திகதி, எரிபொருளும் பால்மாவும் அரிசியும் கைக்கெட்டாமல் போன அந்த மாதத்தில், மீண்டும் அதே திட்டுகளில் ஒன்றில் குழந்தைகளோடு ஆறு பேரை இந்தியக் கரையோரக் காவற்படை மீட்டது. நெருக்கடியால் தமிழகத்துக்குப் புறப்பட்ட முதற் குடும்பங்களுள் அவர்களும் அடங்குவர். அதற்கு ஓராண்டும் மூன்று மாதங்களும் கழித்துத்தான் எம்பிரஸ் காங்கேசன்துறைக்கு வந்தது.

அந்த மணற்றிட்டுகளுக்கு உல்லாசப் படகு விடலாம், அரை நாள் அழைத்துச் சென்று வரலாம் என்ற பேச்சு மன்னாரில் இடைக்கிடை காதில் விழுகிறது. இராமேஸ்வரம் - தலைமன்னார்ச் சேவையை மீட்பது பற்றி 2023 ஜூலையிலும் 2024 டிசம்பரிலும் இரு நாட்டுத் தலைவர்களும் சேர்ந்து அறிக்கை விட்டார்கள். நல்லது. வரட்டும். காற்றாலைக்கும் கனிய மணலுக்கும் எதிராக 2025இல் வீதிக்கு இறங்கிய மன்னார் மக்களுக்கு, யாராவது கடலைப் பார்க்க மட்டும் வருகிறார்கள் என்றால் அது ஆறுதலான செய்திதான். காட்டுவதற்கும் நம்மிடம் குறைவில்லை. பறவைகள் வந்திறங்கும் வங்காலைச் சதுப்பு இருக்கிறது. அரிப்பில், முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காக ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டிய மாளிகை கடலுக்குள் துண்டு துண்டாக விழுந்துகொண்டிருக்கிறது. போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் தாமதிக்காமல் போவது நல்லது. கண்டியில் கைதியாக இருந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ் 1679இல் வந்து சேர்ந்ததும் அதே அரிப்புக் கோட்டைக்குத்தான். பள்ளிமுனையில் பெருக்கமரம். மன்னார்க் கோட்டை. வீதியில் யாரையும் பொருட்படுத்தாமல் நிற்கும் கழுதைகள்.

ஆனால் அரிப்பைத் தாண்டித் தெற்கே போனால் சிலாவத்துறை. அதற்கும் தெற்கே, வில்பத்துக் காட்டின் ஓரம், முள்ளிக்குளம். மீன்பிடியும் விவசாயமும் செய்த கத்தோலிக்கக் கிராமம். 2007 செப்டெம்பரில் அந்த மக்களை எழுப்பிவிட்டார்கள். போர் முடிந்து அவர்கள் திரும்பியபோது கிராமத்தில் கடற்படை முகாம் இருந்தது. அருகே மலங்காட்டில் காட்டை வெட்டிக் குடிசை போட்டார்கள். 2017இல் வீதியோரம் கிடந்து போராடிய பின் ஏப்ரல் இறுதியில் நூறு ஏக்கர் விடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஊர் முழுமையாக அவர்களுக்குத் திரும்பவில்லை. கரையில் படகு கட்டுவதற்கும் இன்னொருவரின் முகத்தைப் பார்க்கவேண்டிய நிலை.

மன்னாருக்கு நாளை கப்பலைக் கொண்டுவர விரும்புவோரிடம் எனக்குச் சொல்ல இருப்பது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. முள்ளிக்குளத்தையும் சிலாவத்துறையையும் தீர்த்துவிட்டு வாருங்கள். அதற்கு முன் முனையம் கட்டாதீர்கள். கட்டினால், பேருந்தையும் படகையும் வழிகாட்டும் வேலையையும் பேசாலையாருக்கும் தாழ்வுபாட்டாருக்கும் கொடுங்கள். கொழும்பிலிருந்து ஒப்பந்தக்காரரைக் கொண்டுவராதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் கப்பல் புறப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி விடயம் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் நண்டுக் குழம்பு சமைக்கும் பெண்ணொருத்திக்கு அதுதான் முழு விடயமும். பயணிகள் இறங்கும் கரையில் வேலி போடாதீர்கள். வேலி இல்லாமல் பயணிகளைக் காக்க முடியாது என்று நினைத்தால், அந்தக் கரை இன்னும் விருந்தாளிக்குத் தயாராகவில்லை என்றுதான் பொருள்.

இதையெல்லாம் அரை நாள் பயணியால் மாற்றமுடியுமா என்று கேட்கலாம். அவர் ஒன்று செய்யமுடியும். இறங்கும் இடத்தில், இது யாருடைய கரை என்று ஒருவரிடமாவது கேட்கமுடியும். என் நண்பர் அன்று கேட்டார். நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அவர் என்னை நிறுத்திவிட்டு ஓட்டோத் தம்பியிடம் போனார். இருவரும் கரையிலிருந்த கல்லில் அமர்ந்து பேசினார்கள். நண்பர் கடிகாரத்தைப் பார்க்க மறந்தது அந்த நேரத்தில் மட்டுந்தான். கடைசியில் நான்தான் நேரத்தை நினைவூட்டினேன். காலில் மணலோடு ஓடிப்போய், வாசல் சாத்துவதற்குச் சற்று முன்னர் உள்ளே நுழைந்தார்.

மறுவாரம் சென்னையிலிருந்து பேசினார். கப்பலில் மற்றவர்கள் காட்டிய படங்களில் தாம் பார்த்த இடம் எதிலும் இல்லை என்றார். பிறகு, அந்தத் தம்பியின் தகப்பனார் பெயரைக் கேட்டு எழுதிவைத்திருக்கவேண்டும், மறந்துவிட்டேன் என்றார். அடுத்த முறை யாழ்ப்பாணம் போனபோது கேட்டு அறிந்து அவருக்கு அனுப்பினேன். பெயர் சற்று நீளமானது. முழுவதுமாகத்தான் அனுப்பினேன்.

இப்போது நாகப்பட்டினம் வழியாக வரப்போவதாகச் சொல்கிறார். பெரியமடுவுக்கும் வருவாராம். கடல் இல்லாத ஊர் என்று சொல்லியும் கேட்கவில்லை. சின்னம்மாவிடம் சொன்னேன்.

"இந்த முறை எத்தினை நாள்?"

"ஒரு கிழமை எண்டு சொல்லுறார்."

"அப்ப சரி," என்றார். பாயை எடுத்து வெயிலில் போடப் போனார்.